ஆர்வி வாட்டர் ஹீட்டர்: ஆனோட் ராட் வேண்டுமா, பித்தளை பிளக் போதுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2, 2024

பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியில் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு, ஆர்வியில் ஒரு வகை) ஒன்று வாங்கியிருக்கிறேன். 6 கேலன் சபர்பன் கம்பெனி ஹீட்டர். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் தண்ணீர் பழுப்பாக வருகிறது. சர்வீஸ் செய்து கொடுத்த கடைக்காரர் ஆனோட் ராடை (டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற உலோகத் தண்டு) எடுத்துவிட்டு, அந்த வாயில் பித்தளை பிளக் (திருகு அடைப்பான்) போட்டிருக்கிறார். "ராட் எப்படியும் கரைந்துபோகிற சாமான், வருஷா வருஷம் தண்டச் செலவு. பித்தளை துருப்பிடிக்காது" என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ராட் எல்லாம் விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட கதைதானே அண்ணா?

மார்ச் 2, 2024, இரவு

கதை இல்லை தம்பி. அந்தப் பிளக்கை இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.

பித்தளை துருப்பிடிக்காதுதான். ஆனால் நாம் காப்பாற்ற வேண்டியது டேங்கை. சபர்பன் டேங்க் ஸ்டீலில் செய்தது. உள்ளே போர்சலின் (பீங்கான்) பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். வெல்டு ஓரத்திலும் பிளக் ஏறும் மரையிலும் பூச்சு ஒழுங்காக நிற்காது. தண்ணீர் இரும்பைத் தொடுவது அங்கேதான்.

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி தண்ணீரில் கிடந்தால், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது கரையும், மற்றது தப்பும். மக்னீசியத்தின் மின்னழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட் (எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதில் கரையும்). இரும்புக்கு மைனஸ் 0.44. செம்புக்குப் பிளஸ் 0.34. மக்னீசியம் ராட் இருக்கும்வரை கரைவது ராட். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. அதை இரும்போடு சேர்த்தால் கரைவது இரும்பு. ஆக, உங்கள் கடைக்காரர் காவலை எடுத்ததோடு நிற்காமல், மரைப் பக்கம் அரிப்பைக் கூட்டியும் விட்டிருக்கிறார்.

ராட் இருபது டாலருக்குள் கிடைக்கும். டேங்க் ஓட்டையானால் பல நூறு டாலர், கூலி தனி. ராட் கரைகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 3, 2024

கழற்றும் முறையைக் கேட்டிருந்தீர்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம், வெந்நீர் அழுத்தத்தோடு முகத்தில் அடித்தால் தோல் உரிந்துவிடும்.

கேஸ், கரண்ட் இரண்டையும் அணைத்துவிட்டு டேங்க் முழுதாக ஆறும்வரை விடுங்கள். முந்தின நாள் இரவே அணைத்துவிட்டுக் காலையில் செய்வதுதான் என் வழக்கம். அப்புறம் தண்ணீர் பம்ப்பை அணைத்து, வெளிக் குழாய் இணைப்பையும் கழற்ற வேண்டும். உள்ளே வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து, அழுத்தம் போனதை உறுதி செய்யுங்கள். ஹீட்டர் கதவுக்குள் மேலே ஒரு வால்வு, சின்னக் கைப்பிடியோடு இருக்கும். அதையும் தூக்கிப் பாருங்கள், சீறல் எதுவும் இருக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் கீழே உள்ள பிளக்கில் கை வைக்கலாம்.

சபர்பனுக்கு 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். 27 மில்லிமீட்டர் சாக்கெட்டும் அப்படியே பொருந்தும். இடம் குறுகலாக இருப்பதால் ஒரு எக்ஸ்டென்ஷனும் பிரேக்கர் பாரும் (சாக்கெட்டைத் திருப்பும் நீளமான கைப்பிடி) வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

மார்ச் 3, 2024, மாலை

மேலே எழுதியது ஸ்டீல் டேங்குக்கு. இதைப் படித்துவிட்டு அலுமினிய டேங்க் வைத்திருப்பவர்கள் ராட் வாங்க ஓடிவிடக் கூடாது.

ஆட்வுட் ஹீட்டர்களில் (இப்போது டொமெட்டிக் பெயரில் வருபவை) டேங்க் அலுமினியம். உள்பக்கத்தில் துத்தநாகம் கலந்த ஒரு அலுமினிய அடுக்கு இருக்கிறது, கரைந்து காப்பாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. அவற்றின் வடிகால் பிளக் நைலான் பிளாஸ்டிக். அங்கே வேறு உலோகம் வந்து சேரக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். வெளியில் விற்கும் "ஆட்வுட்டுக்கான ஆனோட்" எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. உலோக பிளக்கை அலுமினிய மரையில் முறுக்கினால், கொஞ்ச காலத்தில் இரண்டும் இறுகி ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது மரையே கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் பிளக் ஓரிரு டாலர்தான், இரண்டு வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.

எது எந்த டேங்க் என்று தெரியாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். பெரிய உலோக அறுகோணத் தலை கீழே நடுவில் இருந்தால் அநேகமாக சபர்பன். வெள்ளை பிளாஸ்டிக் என்றால் ஆட்வுட். பழைய வண்டியில் யாராவது எதையாவது மாற்றியிருப்பார்கள் (தம்பியின் வண்டியே அதற்குச் சாட்சி), அதனால் ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் படித்துவிடுங்கள்.

மார்ச் 11, 2024

டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டேப் சுற்றினால் ராடுக்கும் டேங்குக்கும் மின் தொடர்பு அறுந்துவிடும், ராட் சும்மா தொங்கும் என்று ஒரு வாதம் உண்டு.

மரை கூம்பாக இறுகும்போது முனைகள் டேப்பைக் கிழித்துக்கொண்டு உலோகத்தோடு உலோகம் தொட்டுவிடும். என் பேச்சை நம்ப வேண்டாம், மல்டிமீட்டர் இருந்தால் தண்ணீர் விடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஒரு முனையை ராட் தலையிலும் இன்னொன்றை டேங்கின் வெறும் உலோகத்திலும் வைத்தால் மின்தடை (ஓம்) கிட்டத்தட்டச் சுழியாக இருக்க வேண்டும். நான் இரண்டு மூன்று சுற்று சுற்றுகிறேன், ஒவ்வொரு முறையும் மீட்டர் சுழியைத்தான் காட்டியிருக்கிறது. டேப் இல்லாமல் போட்டால் கசிவும் வரும், அடுத்த வருஷம் கழற்றவும் முடியாது.

முதலில் கையால் திருகுங்கள். கோணலாக ஏறினால் உடனே நிறுத்தித் திரும்ப எடுத்துவிட வேண்டும். ஸ்டீல் டேங்கின் மரை போனால் டேங்கே போன மாதிரிதான்.

ஏப்ரல் 14, 2024

இன்றைக்கு என் டேங்கைக் கழுவினேன். டெக்சாஸில் சான் ஆன்டோனியோ பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை, இங்கே குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. தேநீர்க் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ஹீட்டருக்குள் செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கிறது.

ராடை எடுத்தவுடன் தண்ணீர் தானாகக் கொட்டும். அதோடு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். சபர்பனில் வடிகால் வாய் டேங்கின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அதனால் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் வண்டலும் தங்கும். ஹோஸ் முனையில் மாட்டுகிற மெல்லிய வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஆர்வி கடைகளில் கிடைக்கிறது. அதை வாய்க்குள் விட்டு நாலா பக்கமும் பீச்சியடித்தால், தெளிந்த தண்ணீர் வந்த இடத்திலிருந்தே நகத்துண்டு அளவு வெள்ளைச் செதில்கள் சலசலவென்று கொட்டத் தொடங்கும். அவை நிற்கும்வரை அடியுங்கள். கீழே ஒரு வலையோ பழைய துணியோ விரித்து வைத்தால் என்ன வருகிறது என்று பார்க்கலாம். வெள்ளை என்றால் சுண்ணாம்பு, கவலையில்லை. செங்கல் நிறத்தில் தகடு தகடாக வந்தால் டேங்க் உள்ளே உரிகிறது.

வண்டல் தங்கினால் துரு மட்டும் பிரச்சினையில்லை. கேஸ் சூடு வண்டலைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும், அதனால் கேஸ் கூடுதலாகச் செலவாகும். தண்ணீரைச் சூடாக்க டேங்குக்குள் இருக்கும் மின் கம்பியை (எலிமென்ட்) வண்டல் மூடிக்கொண்டால் கம்பி சீக்கிரம் எரிந்துபோகும்.

மே 5, 2024

தம்பி தன் டேங்கின் படத்தை அனுப்பியிருந்தார். மரை ஓரத்தில் துரு தெரிகிறது, ஆனால் தகடு உரியவில்லை. புது மக்னீசியம் ராட் போட்டுவிட்டாராம், நிறமும் தெளிந்துவிட்டதாம். நல்ல சேதி. தின்ற இரும்பு திரும்பி வராது, ஆனால் மேற்கொண்டு தின்பது மட்டுப்படும். மூன்று மாதத்தில் ஒருமுறை ராடை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் பூச்சு போன இடம் அதிகமாக இருந்தால் ராடும் வேகமாகக் கரையும்.

ராடைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான் இந்த இழை முழுக்க நான் சொல்ல வருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று யாரோ சொன்ன கணக்கு உங்கள் தண்ணீருக்குப் பொருந்த வேண்டியதில்லை. நாலில் மூன்று பங்கு கரைந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது சபர்பன் சொல்லும் அளவு. புது ராட் வழவழவென்று ஒரே தடிமனில் இருக்கும். வேலை செய்த ராட் கரையான் அரித்த கட்டை போலப் பள்ளமும் மேடுமாக, மேலே வெள்ளைப் பொருக்கோடு வெளியே வரும். நடுவே ஓடும் மெல்லிய ஸ்டீல் கம்பி அங்கங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கினால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது. கம்பி மட்டும் தனியாகத் தொங்கினால், டேங்க் எவ்வளவு காலமாகக் காவலில்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான் வாங்கிய முதல் டிரெய்லர் அப்படித்தான் இருந்தது. முந்தைய உரிமையாளர் அந்தப் பிளக்கைத் திறந்ததே இல்லை. வெளியே எடுத்தபோது கம்பியும் அதன் நுனியில் ஒரு சுண்டுவிரல் நகமளவு மக்னீசியமும்தான் இருந்தன. அந்தக் கோடையிலேயே வெல்டு ஓரம் ஈரம் கசிந்து, ஹீட்டருக்குக் கீழே இருந்த பலகை ஊறி உப்பிவிட்டது. ஹீட்டரை மாற்றிய செலவைவிட அந்தத் தரையைச் சரிசெய்த செலவு எனக்குப் பெரிதாக வலித்தது.

ஒரு வருஷம் கழித்தும் ராட் புத்தம்புதிதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஒன்று, தொடர்பு இல்லை. அல்லது, சுண்ணாம்புப் பொருக்கு மூடி அதை வேலை செய்யவிடவில்லை. பொருக்கைத் தட்டி எடுத்துவிட்டு, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 22, 2024

புளோரிடாவில் இருக்கும் ஒரு அக்கா எழுதியிருக்கிறார். வெந்நீரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், குளிக்கவே முடியவில்லை, ராட் போட்ட பிறகுதான் வந்தது என்கிறார்.

அவர் சொல்வது சரிதான். கிணற்று நீரில் சல்பேட் இருந்து, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் ஒரு வகை பாக்டீரியாவும் இருந்தால், அது சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். மக்னீசியம் கரையும்போது வெளிவருகிற ஹைட்ரஜன் அதற்குத் தீனி. வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் டேங்கில் தேங்கினால் பாக்டீரியா நன்றாகப் பெருகும்.

முதலில் குளோரின் வைத்துக் கழுவுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண பிளீச், 15 கேலன் தண்ணீருக்குக் கால் கப். ஹீட்டர் உட்பட எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சுண்ணாம்பு கரைக்க வினிகர் ஊற்றுகிறவர்கள் வினிகரை முழுக்க அலசி எடுத்த பிறகுதான் பிளீச்சைத் தொட வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆர்வி மாதிரிச் சின்ன இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

திரும்பத் திரும்ப நாற்றம் வந்தால் ராடை எடுத்து எறிந்துவிடாதீர்கள், வகையை மாற்றுங்கள். மே மாதம் வரை நான் எல்லாருக்கும் மக்னீசியம் என்றுதான் சொல்லி வந்தேன். கந்தக நீர் உள்ள ஊர்களுக்கு அலுமினியத்தில் துத்தநாகம் கலந்த ராட் மேல் என்று இப்போது நினைக்கிறேன். டேங்கைக் காக்கும் வலு கொஞ்சம் குறைவு, ஆனால் நாற்றமும் குறையும். ஒரு குறை உண்டு: அது கரையும்போது வழவழப்பான வெள்ளைப் படிவு உண்டாகிக் குழாய் முனை வலைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை வலைகளைக் கழற்றித் தட்டிவிட்டால் சமாளிக்கலாம்.

ஜூன் 23, 2024

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். குளிர்ந்த நீரிலும் அதே நாற்றம் அடித்தால் குற்றம் ஹீட்டரில் இல்லை, வந்து சேரும் தண்ணீரிலேயே இருக்கிறது. வெந்நீரில் மட்டும் என்றால்தான் ராடைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜூலை 19, 2024

"மேல் வால்வு சொட்டுகிறது, டேங்க் போய்விட்டதா?" போகவில்லை, பதறாதீர்கள்.

அந்த வால்வு 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்ட்) அழுத்தத்திலோ 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு. 6 கேலன் தண்ணீரை 60 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 1.6 சதவீதம் விரியும், அதாவது சுமார் 360 மில்லி. வீட்டில் அது பின்வாங்கிப் பெரிய குழாய்க்குப் போய்விடலாம். ஆர்வியில் ஒருவழி வால்வு தடுக்கிறது. டேங்கின் உச்சியில் இருக்கும் காற்று அடுக்குதான் அந்த விரிவைத் தாங்க வேண்டும். நாளாக ஆக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துவிடும், அப்போது வால்வு சொட்டும்.

டேங்கை ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து, வால்வுக் கைப்பிடியைத் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் தானாக நின்றதும் கைப்பிடியை விடுங்கள், அது பட்டென்று மூடட்டும். காற்று அடுக்கு திரும்ப வந்துவிடும். இதற்குப் பிறகும் ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று அங்கே பிளக் அடித்து மூடிவிட்டால் ஹீட்டர் வெடிக்கக்கூடும், இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஆகஸ்ட் 8, 2024

ஒரு உலோகம் கரைந்து இன்னொன்றைக் காக்கும் இந்தத் தத்துவத்தை முதலில் யார் கண்டுபிடித்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்த செம்புத் தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டிருந்தது. டேவி அதில் சின்னத் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தினார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரைந்தபோது அந்த நஞ்சுக்குப் பயந்து ஒட்டாமல் இருந்த சிப்பிப் பூச்சிகளும் பாசியும் இப்போது தாராளமாக அப்பிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அதைக் கைவிட்டது. புளோரிடா அக்காவின் முட்டை நாற்றமும் இதே வகைதான். இரும்பு பிழைக்கிறது, வேறொன்று கிளம்புகிறது, அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, 2024

சென்னையில் அப்பா அம்மா வீட்டு கெய்சருக்கும் இது பொருந்துமா? டேங்க் வைத்த கெய்சர் என்றால் பொருந்தும், அதற்குள்ளும் மக்னீசியம் ராட் இருக்கும். போர் தண்ணீர் வீடு என்றால் கட்டாயம் கவனிக்க வேண்டும். அங்கே சர்வீஸுக்கு வருகிறவர்கள் வெளியில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ராடைக் கழற்றிக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள், போனில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஆர்வி போல அதை நாமே கழற்றத் தேவையில்லை, அங்கே மின் இணைப்பு கூடவே இருக்கிறது.

நவம்பர் 17, 2024

பனிக்காலத்துக்கு முன் சில வார்த்தை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பரவலாகக் கரண்ட் போய்க் குழாய்கள் வெடித்ததைப் பார்த்த பிறகு, "இங்கெல்லாம் உறையாது" என்று யாரும் சொல்வதில்லை.

ஹீட்டருக்குள் ஆன்டிஃப்ரீஸ் (குழாய் உறையாமல் காக்கும் திரவம்) ஊற்ற வேண்டாம். பின்பக்கம் இருக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பி ஹீட்டரைத் தனியாக்கி, டேங்கை வடித்துவிட்டால் போதும். இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் மற்றக் குழாய்களுக்கு மட்டும். பைபாஸ் இல்லாமல் ஊற்றினால் 6 கேலன் வீணாக டேங்குக்குள் போய்விடும். ராடை வெளியே எடுத்து வைத்துவிட்டு வாயில் ஒரு துணி செருகுங்கள், பூச்சி நுழையாது. ராட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் காக்கும், வெறும் டேங்கில் அதற்கு வேலையில்லை. நல்ல நிலையில் இருக்கும் ராடை வசந்தத்தில் திரும்பப் போடலாம்.

பாதி தண்ணீரோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ராட் ஒருபக்கம் சும்மா கரையும், தண்ணீரும் கெடும்.

மார்ச் 16, 2025

வசந்தத்தில் திரும்பத் தண்ணீர் விடுகிறவர்கள் கவனிக்க. பைபாஸைப் பழைய நிலைக்குத் திருப்பி, உள்ளே வெந்நீர்க் குழாயில் காற்று துப்பாமல் முழுதாகத் தண்ணீர் வந்த பிறகுதான் கரண்ட் சுவிட்சைப் போட வேண்டும். மின் கம்பி 120 வோல்ட்டில் 1440 வாட். வெறும் டேங்கில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். சபர்பனில் வெளிக் கதவுக்குள் கீழ் மூலையில் ஒரு சின்னக் கறுப்பு சுவிட்ச் இருக்கிறது. பழைய உரிமையாளர் அதைப் போட்ட நிலையிலேயே விட்டிருப்பார், முதலில் அதைப் பாருங்கள்.

கேஸில் எரிப்பவர்கள் பர்னர் குழாயையும் பார்த்துவிடுங்கள். சிலந்தியும் குளவியும் கூடு கட்டியிருக்கும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக, கரி படிய எரிந்தால் அணைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

மார்ச் 30, 2025

மின்சாரத்தில் வேலை செய்யும் டைட்டானியம் ஆனோட் பற்றிக் கேட்டவருக்கு: கரையாது, நாற்றத்தையும் நன்றாகக் குறைக்கும், கந்தக நீர்ப் பக்கம் நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மிகக் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு டேங்கில் தண்ணீரோடு வண்டியை நிறுத்தினால் அன்றிலிருந்து காவல் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இடையிடையே வண்டியை மூடி வைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மக்னீசியம் ராடே வசதி. டைட்டானியம் போட்டாலும் வருஷாந்திர வண்டல் கழுவலை விட முடியாது, சுண்ணாம்பு எந்த ஆனோடுக்கும் கட்டுப்படாது.